ராமநாதபுரம் கடலோர ஊர்களில் ஆர்.ஓ. குடிநீர் நிலையம்: இடத்தைத் தயார்செய்ய முழுமையான வழிகாட்டி

கடலோர ஊர் ஒன்றுக்கு ஆர்.ஓ. நிலையம், அதாவது உப்புத்தண்ணீரை நுண்சவ்வு வழியே அழுத்தித் தள்ளிக் குடிநீராக்கும் நிலையம், வரப்போகிறது என்றதும் பேச்சு எந்திரத்தைப் பற்றியே சுற்றுகிறது. எத்தனை லிட்டர் தரும், எந்தக் கம்பெனி, என்ன விலை என்று கேட்கிறோம். அதே திறனுள்ள எந்திரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஊருக்கு ஊர் மாறுவது நிலத்தடித் தண்ணீரும், மண்ணும், காற்றும், மின்சாரமும், கழிவு போகும் வழியும்தான். தொண்டி முதல் நரிப்பையூர் வரை பூட்டிக் கிடக்கும் நிலையம் எதையேனும் பார்த்தால், எந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் அது நிற்கும் இடத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மணிக்கு 1,000 லிட்டர் நல்ல தண்ணீர் தரும் ஊராட்சி அளவிலான நிலையம் ஒன்றை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 10,000 லிட்டர் கிடைக்கும். வீட்டுக்கு ஒரு 20 லிட்டர் கேன் என்று கொண்டால் 500 குடும்பங்களுக்குப் போதும். ஜமாஅத்தோ, மீனவர் சங்கமோ, பள்ளிக்கூடமோ இதைவிடச் சிறியதாக அமைத்தாலும் வேலையின் வரிசை இதுவேதான். அந்த வரிசையில் முதல் இரண்டும் முடியாமல் எந்திரத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். ஒன்று, ஆண்டின் மிக மோசமான மாதத்தில் உங்கள் போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) வரும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். இன்னொன்று, கழிவாக வரும் உப்புத்தண்ணீர் எங்கே போகும் என்பது முடிவாக வேண்டும்.

முதற்படி: தண்ணீரை அறிதல்

நம் கடற்கரையின் நீர் அடுக்குகளைப் புரிந்துகொள்ளாமல் போர் போடுவது ஆபத்தானது. மண்டபம், ராமேசுவரம் பக்கத்து மணல்மேடுகளில் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். அங்கேயே ஆழமாகப் போனால் உப்பு. மழைநீர் மணலில் இறங்கி, எடை குறைவு என்பதால் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் பொதுவான கணக்கு. இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. மேலே ஒரு மீட்டர் இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உப்பு பல மடங்கு வேகத்தில் ஏறி வரும். ஆகவே ஊர்ப் பெண்கள் காலங்காலமாகத் தண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கும் ஊருணிக்கும் பக்கத்தில் ஆர்.ஓ. நிலையத்தின் போர் வரக்கூடாது. நல்ல தண்ணீரை உறிஞ்சிக் கெடுத்துவிட்டு, கெட்டுப்போன தண்ணீரை எந்திரத்தால் சுத்தம் செய்வதில் நியாயமே இல்லை.

தண்ணீர் எடுத்துச் சோதிக்கும் காலமும் முக்கியம். நம் மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. அதனால் நிலத்தடி நீர் மிகத் தாழ்ந்து, உப்பு மிக ஏறி நிற்கும் காலம் சித்திரை வெயிலோடு முடிந்துவிடுவதில்லை. ஆவணி, புரட்டாசி வரை நீள்கிறது. தை மாதத்தில் எடுத்த மாதிரியில் டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பும் தாதுவும் கரைந்திருக்கின்றன என்ற அளவு) 2,500 என்று வந்ததை நம்பி எந்திரம் வாங்கிவிட்டால், புரட்டாசியில் அதே போர் 5,000 காட்டும்போது பம்பும், உப்பைத் தடுக்கும் நுண்சவ்வான மெம்பரேனும் திணறும். புரட்டாசி வரை காத்திருக்க முடியாதபோது, அக்கம்பக்கத்துப் போர்களில் இரு பருவங்களிலும் என்ன வந்தது என்று விசாரித்து, கூடுதலான அளவையே கணக்குக்கு எடுக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதற்கு முன் போரைக் குறைந்தது அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். குழாய்க்குள் தேங்கிக் கிடந்த தண்ணீர் வெளியேறிய பிறகு வருவதுதான் உண்மையான நிலத்தடி நீர். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கேட்டால், எந்தச் சோதனைக்கு எவ்வகைப் பாட்டில் வேண்டும் என்று சொல்வார்கள். டி.டி.எஸ். மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். கார அமிலத் தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, சல்பேட், இரும்பு, மாங்கனீசு, ஃபுளோரைடு, நைட்ரேட், சிலிக்கா, கலங்கல், கோலிஃபார்ம் கிருமி ஆகிய அனைத்தும் அறிக்கையில் இருக்க வேண்டும். கடினத்தன்மையும் சிலிக்காவும் மெம்பரேனில் படிந்து இறுகும். எவ்வளவு தண்ணீரை நல்ல தண்ணீராக மீட்க முடியும் என்பதையே அவை தீர்மானிக்கின்றன. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 டி.டி.எஸ். அளவை 500 மில்லிகிராம் என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை என்றும் வைத்திருக்கிறது. உங்கள் போர் புரட்டாசியிலும் 1,000-ஐத் தாண்டாமல், மற்ற அளவுகளும் சரியாக இருந்தால், ஆர்.ஓ. தேவைதானா என்று ஊர் கூடி இன்னொரு முறை யோசிப்பது நல்லது. வடிகட்டியும் குளோரினும் போதுமான இடத்தில் பாதித் தண்ணீரை வீணாக்கும் எந்திரம் எதற்கு?

ஆய்வகத்துக்குப் போகாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. போர்த் தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்து இரவு முழுவதும் திறந்து வைத்துவிட்டு, விடிந்ததும் பாருங்கள். பிடிக்கும்போது கண்ணாடி போலத் தெளிவாக இருந்த தண்ணீரில் பழுப்பு நிறம் ஏறி, அடியில் துரு நிறத் தூள் படிந்திருந்தால், கரைந்த நிலையில் இரும்பு இருக்கிறது. காற்றுப்பட்டதும் அது திடமாக மாறுகிறது; இதே மாற்றம் மெம்பரேனுக்குள் நடந்தால் அதை மீட்பது கடினம். ஆகவே இரும்பு நீக்கும் வடிகட்டிக்கும் கூடுதல் இடம் ஒதுக்க வேண்டும். பிடிக்கும்போதே அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கலந்திருக்கிறது. காற்றுப்பட்டு அது கந்தகத் தூளாக மாறினாலும் மெம்பரேனை அடைக்கும். நாற்றம் போகட்டும் என்று தொட்டியைத் திறந்து வைப்பது தவறான வழி. எந்திரம் தருபவரிடம் முன்கூட்டியே சொல்லி அதற்கான ஏற்பாட்டைக் கேட்க வேண்டும்.

அடுத்தது இறைப்புச் சோதனை. இதைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். பாதி மீட்பு என்று கொண்டால், மணிக்கு 1,000 லிட்டர் நல்ல தண்ணீருக்குப் போர் மணிக்கு 2,000 லிட்டர் தர வேண்டும். அந்த அளவில் நாளுக்குப் பத்து மணி நேரம் வீதம் மூன்று நாட்கள் தொடர்ந்து ஓட்டி, மணிக்கொரு முறை நீர்மட்டத்தையும் டி.டி.எஸ். அளவையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் 3,500 காட்டி மாலையில் 4,200-க்கு ஏறி, இரவு ஓய்வுக்குப் பின் மறுநாள் காலை மீண்டும் 3,500-க்கு இறங்கினால் சமாளிக்கலாம். ஒவ்வொரு நாள் காலையும் முந்தைய நாளைவிடக் கூடுதலாகவே தொடங்கினால், கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் போரைக் கைவிட வேண்டும். இல்லையேல் இரண்டு போர்களில் மாற்றி மாற்றிக் குறைவாக இறைக்க வேண்டும்.

தண்ணீரில் மிதக்கும் நுண்துகள் எவ்வளவு என்பதை எஸ்.டி.ஐ. சோதனை சொல்லும். 0.45 மைக்ரான் வடிதாள் வழியாக, மாறாத அழுத்தத்தில், 500 மில்லிலிட்டர் போக எத்தனை வினாடி ஆகிறது என்று தொடக்கத்திலும் 15 நிமிடம் கழித்தும் பார்ப்பார்கள். முதலில் 30 வினாடியும் பின்னர் 60 வினாடியும் ஆனால், பாதி அடைப்பு ஏற்பட்டிருக்கிறது. நூற்றுக்கு 50 என்ற அந்த அடைப்பை 15 நிமிடத்தால் வகுக்க வரும் 3.3 தான் எஸ்.டி.ஐ. எண். மெம்பரேனுக்குள் போகும் தண்ணீரில் இது 5-ஐத் தாண்டக்கூடாது. 3-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. மணல் வரும் போரில் இந்த அளவு கட்டுக்குள் நிற்காது. எனவே போருக்கு பி.வி.சி. குழாய் இறக்கி, துளையுள்ள பகுதியைச் சுற்றிச் சரளை நிரப்பச் சொல்லுங்கள். இரும்புக் குழாய் இந்த மண்ணில் வேண்டவே வேண்டாம்.

கடல்நீரையே நேராக எடுக்கும் திட்டம் வேறு வகையானது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. சாதாரண உப்புப் போருக்கு 10 முதல் 20 பார் அழுத்தம் போதும் என்றால், கடல்நீருக்கு 55 முதல் 70 பார் தேவைப்படும். பம்பு, குழாய், மின்கட்டணம் எல்லாமே மாறிவிடும். 1990-களின் இறுதியில் நரிப்பையூரில் நாளுக்கு 38 லட்சம் லிட்டர் திறனில் அமைந்ததைப் போன்ற நிலையங்களை அரசுதான் தாங்க முடியும். ஊராட்சி அதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் படி: கழிவுநீர் போகும் வழி

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். டி.டி.எஸ். 4,000 உள்ள தண்ணீரை நாளுக்கு 20,000 லிட்டர் இறைத்துப் பாதியை மீட்டால், மீதி 10,000 லிட்டர் ஏறக்குறைய இரு மடங்கு உப்போடு வெளியே வரும். லிட்டருக்கு 8 கிராம் என்றால் நாளுக்கு 80 கிலோ உப்பு. ஆண்டு முழுதும் ஓடினால் 29 டன். நிலத்துக்குள் ஆழத்தில் கிடந்த இத்தனை உப்பையும் நாம் மேலே கொண்டுவந்து ஓரிடத்தில் கொட்டப்போகிறோம். அந்த இடம் எது என்று எழுத்தில் இல்லாத திட்டத்தில் ஊர் கையெழுத்திடக்கூடாது.

செய்யக்கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருணியிலும் கண்மாயிலும் அவற்றுக்குப் போகும் வரத்துக்காலிலும் ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது. பாழுங்கிணற்றிலோ உறிஞ்சுகுழியிலோ இறக்கினால், கண்ணுக்கு மறைந்த அந்தக் கழிவு மணல் வழியே உங்கள் போருக்கே திரும்பி வரும். சில ஆண்டுகளில் எந்திரம் தன் கழிவையே குடித்துக்கொண்டிருக்கும். பனையும் தென்னையும் உப்பைத் தாங்கும் என்று தோப்பில் விடுவதும் தவறு. ஒரு மழைக்காலம் கழுவிக்கொண்டு போகும் அளவைவிட ஆண்டு முழுதும் சேரும் உப்பு அதிகம்.

அப்படியானால் எங்கே விடுவது? முதலில் அளவைக் குறையுங்கள். கழிவில் ஒரு பகுதியைத் தனித் தொட்டியில் பிடித்து, பள்ளி, மீன் ஏலக்கூடம், பேருந்து நிறுத்தம் ஆகிய இடங்களின் கழிவறைகளுக்குத் தரலாம். அதற்கென்று வேறு நிறத்தில் குழாய் போட்டு, குடிக்கக்கூடாது என்று பெரிதாக எழுதி வைக்க வேண்டும். மீதிக்கு, உப்பளம் பக்கத்தில் இருந்தால் உரிமையாளரோடு எழுத்துமூலம் ஏற்பாடு செய்யலாம்; வாலிநோக்கம் போன்ற உப்பளப் பகுதிகளில் இதை விசாரிக்காமல் விடக்கூடாது. ஆவியாக்கும் குளம் வெட்டுவதானால் அதன் பரப்பை நேர்மையாகக் கணக்கிடுங்கள். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டரில் 5 லிட்டர் போகும். 10,000 லிட்டருக்கு 2,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ அரை ஏக்கர் தேவை. மழைக்காலத்தில் அதுவும் நடக்காது. ஆகவே கரையை உயர்த்தி இருப்புக்கு இடம் விட வேண்டும். அடியில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு இல்லாத குளம் உறிஞ்சுகுழியேதான்.

கடலில் விடுவது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. லிட்டருக்கு 8 கிராம் உள்ள கழிவு, கடல்நீரைவிட உப்புக் குறைந்ததுதான். உப்பைப் பொறுத்தவரை பெரிய கேடில்லை. கவலை அதோடு கலந்து போகும் படிவுத் தடுப்பு மருந்தையும், மெம்பரேன் கழுவும் அமில, காரக் கரைசலையும் பற்றியது. நம் கரைக்கு எதிரே பாம்பன் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. பவளமும் கடற்புல்லும் நம் மீன்வளத்துக்கு அடிப்படை. எனவே வனத்துறையையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் கேட்காமல் ஒரு குழாயைக் கூடக் கடலுக்குள் இறக்கக்கூடாது. மெம்பரேன் கழுவிய தண்ணீருக்குத் தனித் தொட்டி வைத்து, அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன்செய்த பிறகே அகற்றத் திட்டமிட வேண்டும்.

மூன்றாம் படி: நிலமும் அனுமதியும்

நிலம் யாருடையது என்பது பேச்சளவில் நிற்கக்கூடாது. புறம்போக்கானால் கிராம சபைத் தீர்மானமும் வருவாய்த்துறையின் ஒப்புதலும், தனியார் கொடுத்ததானால் ஊராட்சியின் பெயரில் பதிவான பத்திரமும், சர்வேயர் அளந்து கல் நட்ட எல்லையும் வேண்டும். பள்ளிவாசலோ கோயிலோ தேவாலயமோ இடம் தர முன்வருவது நம் ஊர்களில் வழக்கம். மனம் நிறைந்து ஏற்கலாம். ஆனால் எல்லாத் தெருப் பெண்களும் எந்த நேரத்திலும் தயக்கமின்றி வந்து போகும் இடமா என்று பெண்களிடமே கேட்டுவிட்டு ஏற்க வேண்டும்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்கான 2011-ஆம் ஆண்டு அறிவிக்கையிலும் அதற்குப் பின் வந்த 2019 அறிவிக்கையிலும் கடலோரத்தில் கட்டுவதற்கும் நிலத்தடி நீர் எடுப்பதற்கும் கட்டுப்பாடுகள் உள்ளன. கடல் ஏற்றம் எட்டும் உச்ச எல்லையான உயர் அலைக்கோட்டிலிருந்து உங்கள் இடம் எத்தனை மீட்டர் என்று வரைபடத்தில் குறித்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். 500 மீட்டருக்கு அப்பால் பொருத்தமான இடம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பது எல்லா வகையிலும் நல்லது. போரும் உப்பு குறைவாக இருக்கும், காற்றில் வரும் உப்பும் குறையும். கழிவறை உறிஞ்சுகுழியிலிருந்து போர் 15 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும். மணலில் அழுக்குத் தண்ணீர் வேகமாக நகரும். ஆகவே இன்னும் தள்ளி வைக்க முடிந்தால் வையுங்கள்.

வண்டி வரும் பாதையையும் இப்போதே பாருங்கள். எந்திரமும் மணல் மூட்டைகளும் ஏற்றிய லாரி கடற்கரை மணலில் புதைந்தால் இறக்குகூலி இரட்டிப்பாகும். சரளை போட்டு இறுக்கிய பத்தடிப் பாதை ஒன்று வாசல் வரை வேண்டும்.

நான்காம் படி: மேடை, அறை, கூரை

பெருமழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அந்த மட்டத்துக்கு மேல் இரண்டடி உயர்த்தித் தரை அமைய வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைக் கண்ட கரை இது; உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது.

எடையைக் குறைத்து மதிப்பிடுவது வழக்கமான பிழை. 5,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 5 டன். போரிலிருந்து வரும் மூல நீருக்கு ஒன்று, நல்ல தண்ணீருக்கு ஒன்று, கழிவுக்கு ஒன்று என்று வைத்தால் 15 டன் நிரந்தரமாக நிற்கும். தளர்ந்த மணலைத் தண்ணீர் விட்டு அடுக்கடுக்காக இறுக்கி, ஓரங்களில் மணல் நழுவாமல் சுவர் கட்டிய பிறகே கான்கிரீட் போட வேண்டும். களி கலந்த உவர்நிலமானால் பொறியாளரின் மண் சோதனை கட்டாயம். பிளாஸ்டிக் தொட்டியின் அடி முழுவதும் சமமாகத் தாங்கப்பட வேண்டும். நான்கு செங்கல் மேல் நிறுத்தினால் ஓராண்டில் விரிசல் விடும்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து கொத்தனாரிடமும் படித்துக் காட்டுங்கள். எந்தப் போரில் உப்பு என்று ஆர்.ஓ. நிலையம் வைக்கிறோமோ, அந்தப் போர்த் தண்ணீரையே கான்கிரீட் கலக்கப் பயன்படுத்துவது நம் கடற்கரையில் சாதாரணமாக நடக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கம்பி உள்ள கான்கிரீட்டைக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. டி.டி.எஸ். 4,000 உள்ள கடலோரத் தண்ணீரில் குளோரைடு பெரும்பாலும் அதைவிடப் பன்மடங்கு இருக்கும். அந்த உப்பு கம்பியை உள்ளிருந்தே தின்கிறது. துரு ஊதி, கான்கிரீட்டைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். கலக்குவதற்கும், பிறகு நனைத்து வைப்பதற்கும் லாரியில் நல்ல தண்ணீர் வாங்குங்கள். கடற்கரை மணலும் கலவைக்கு ஆகாது. கடலோரச் சூழலுக்கு அதே விதி எம்30 என்ற வலிமைத் தரமும், கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் கேட்கிறது. நேராக அலைத்தூவானம் படும் இடத்துக்கு இன்னும் கூடுதல். கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் கட்டைகளை நீங்களே அளவுகோலால் அளந்து பாருங்கள். சிமென்ட்டில், குளோரைடு மிகுந்த இந்த மண்ணுக்கு சல்பேட் எதிர்ப்பு வகையைவிட பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்தது) அல்லது ஸ்லாக் சிமென்ட் (இரும்பு உலைக் கசடு கலந்தது) ஏற்றது.

அறையின் அளவு 20 அடிக்கு 12 அடி இருந்தால் வேலை செய்பவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். நீளப் போக்கில் ஒரு கணக்கு உண்டு. மெம்பரேன் ஒவ்வொன்றும் 40 அங்குலம் நீளம். அதை அடக்கிய குழலின் முனையிலிருந்து நேராக இழுத்துத்தான் கழற்ற முடியும். ஆகவே குழலின் இரு முனைகளுக்கும் சுவருக்கும் இடையே நான்கடி வெறும் இடம் விட வேண்டும். இதை மறந்து கட்டிய அறைகளில் மெம்பரேன் மாற்றும் நாளில் சுவரை உடைக்க நேர்கிறது. மணல் வடிகட்டிக்கு மேலிருந்து மணல் கொட்ட வேண்டியிருப்பதால் கூரை பத்தடிக்குக் குறையக்கூடாது.

தகரக் கூரை மட்டும் போட்டால் கோடை மதியத்தில் அறை அடுப்பாகிவிடும். மெம்பரேன்கள் பொதுவாக 45 டிகிரி வரைதான் தாங்கும். வெயிலில் கிடக்கும் கறுப்புத் தொட்டியும் குழாயும் தண்ணீரைச் சூடாக்கும். கான்கிரீட் கூரையில் வெள்ளை ஓடு பதித்து, மூல நீர்த் தொட்டிக்கு நிழல் அமைத்துவிடுங்கள்.

கதவும் சன்னலும் எந்தப் பக்கம் என்பதை காற்றைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். வடகடல் பக்கத்து தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினத்தில் வாடைக்காற்று உப்பைக் கொண்டுவந்து அப்பும். தென்கடல் பக்கத்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கத்தில் ஆனி, ஆடியில் தெற்கிலிருந்து வீசும் காற்று அதைச் செய்யும். அந்தந்தப் பக்கத்தில் மூடிய சுவர் எழுப்பி, எதிர்ப்பக்கம் திறப்பு வைக்கலாம். பாம்பனில் இரு கடலும் இருப்பதால் திறப்புகளைச் சிறிதாக்கி வலையும் தடுப்புப் பலகையும் போட வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: மின்சாரம்

மும்முனை இணைப்புக்கு விண்ணப்பிப்பதை முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள். கட்டடம் முடிந்த பிறகு விண்ணப்பித்தால் எந்திரம் வந்து இணைப்புக்காகக் காத்துக் கிடக்கும். ஒரு வாரம் காலை, மதியம், மாலை விளக்கேற்றும் நேரம் என்று மூன்று வேளையும் மின்னழுத்தத்தை அளந்து எழுதி வைத்தால், ஸ்டெபிலைசர் தேவையா, எந்த நேரத்தில் ஓட்டலாம் என்பது தெரிந்துவிடும். உப்புப் போர் நிலையத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு யூனிட் செலவாகும். போர் மோட்டாரின் செலவு தனி. மாதக் கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும்.

மின்பலகை எந்தத் தண்ணீர்க் குழாய்க்கும் கீழே இருக்கக்கூடாது. கேபிள் கீழிருந்து நுழைந்து, ரப்பர் வளையத்தால் இறுக்கமாக அடைபட வேண்டும். உப்புக்காற்று நுழைய ஒரு சிறு ஓட்டை போதும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஈரத்தரையில் மின்சாரம் வேண்டாம். எர்த்திங்கில் நம் மண்ணுக்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு. உப்பு மண்ணில் மின்தடை மிகக் குறைவாகக் காட்டும். அளவுகோலில் எல்லாம் நன்றாக இருக்கும். ஆனால் அதே உப்பு துத்தநாகம் பூசிய இரும்பான ஜி.ஐ. குழாயையும் பட்டையையும் இணைப்பு போல்ட்டையும் அரித்துக்கொண்டிருக்கும். இரண்டு எர்த் குழிகள் அமைத்து, இணைப்புகள் கண்ணுக்குத் தெரியும்படி மூடி போட்டு, ஆண்டுக்கு ஒரு முறையாவது திறந்து பார்க்கும் ஏற்பாடு வேண்டும்.

ஆறாம் படி: குழாயும் வடிகாலும்

அழுத்தம் குறைந்த இடங்களில் யு.பி.வி.சி. குழாய், அழுத்தம் மிகுந்த இடத்தில் 316 வகை எவர்சில்வர். 304 வகை பார்வைக்கு ஒன்றுபோலவே பளபளக்கும். உப்புத்தண்ணீரில் ஊசிமுனைத் துளைகள் விழும். ரசீதில் வகை எழுதி வாங்குங்கள். வெயில் படும் பி.வி.சி. குழாய்க்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தால் ஆயுள் கூடும்.

மணல் வடிகட்டியைப் பின்னோக்கிக் கழுவும்போது, வழக்கமாக ஓடும் அளவைவிட இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் சில நிமிடங்களில் வெளியே பாயும். வடிகால் குழாயை வழக்கமான ஓட்டத்துக்கு அளவெடுத்தால் அறை குளமாகும். தரையை ஒரு மூலைக்குச் சரித்து, மூடியுள்ள கால்வாய் அமைக்க வேண்டும். கழுவிய இந்தத் தண்ணீரில் மருந்து இல்லை. தெளியவிட்டு மீண்டும் மூல நீர்த் தொட்டிக்கே அனுப்பலாம்.

மூல நீரில் கிருமி இருந்து குளோரின் போட நேர்ந்தால், மெம்பரேனுக்கு முன் அதை முற்றிலும் நீக்கியாக வேண்டும். இந்த எந்திரங்களில் வரும் பாலிஅமைடு வகை மெம்பரேன் குளோரினைத் தாங்காது. கார்பன் வடிகட்டிக்கும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் மருந்துப் பம்புக்கும் மேடையில் இடம் விடுங்கள். குளோரின் டப்பாவும் அமில டப்பாவும் ஒரே அலமாரியில் நிற்கவே கூடாது.

ஏழாம் படி: குடம் வைக்கும் இடம்

மக்கள் பார்க்கும் நிலையம் இந்த ஒரு மேடைதான். நம் ஊர்களில் தண்ணீருக்கு வருபவர்கள் பெரும்பாலும் தள்ளுவண்டியில் ஆறேழு குடங்களோடு வருகிறார்கள். வண்டி குழாய்க்கு நேராக வந்து நிற்க, குடத்தைத் தூக்காமல் வண்டியில் வைத்தபடியே நிரப்ப வழி செய்தால், ஒவ்வொரு பெண்ணின் இடுப்புக்கும் அது பேருதவி. அதற்குப் படி இல்லாத சரிவுப் பாதை, வண்டிகள் இரண்டு எதிரெதிரே கடக்கும் அகலம், மேலே நிழற்கூரை ஆகியவை வேண்டும். ஒரு குழாய் வண்டியின் உயரத்துக்கும், இன்னொன்று தரையில் வைக்கும் 20 லிட்டர் கேனுக்கும் ஏற்றதாக இருக்கட்டும். சிந்தும் தண்ணீர் நல்ல தண்ணீர். வாய்க்கால் ஒன்று அமைத்து பக்கத்தில் ஒரு வேம்புக்கோ புங்கைக்கோ விடுங்கள். தொட்டியின் வழிவு குழாய்க்குக் கொசு நுழையாத வலை கட்டாயம்.

எந்திரம் வரும் வாரம்

குழாய் வேலை முடிந்ததும், மெம்பரேன் பொருத்தும் முன், எல்லாக் குழாய்களிலும் முழு வேகத்தில் தண்ணீர் ஓட்டிக் கழுவ வேண்டும். பி.வி.சி. குழாய் அறுத்த தூளும் பசைத் துணுக்கும் கடைசி முனையில் கட்டிய வெள்ளைத் துணியில் வந்து சேரும். துணி சுத்தமாக வரும்வரை நிறுத்தக்கூடாது. தொட்டிகளை நிரப்பி ஒரு நாள் நிறுத்தி, மேடை இறங்கியிருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். மெம்பரேன் பெட்டிகளை இந்தச் சோதனைகள் முடியும்வரை பிரிக்க வேண்டாம். அவை பாதுகாப்புக் கரைசலோடு உறையில் அடைத்து வருகின்றன. வெயிலில் கிடந்தாலும் உலர்ந்தாலும் வீணாகும்.

பொருத்திய பின் முதலில் வரும் தண்ணீரில் அந்தக் கரைசல் கலந்திருக்கும். எந்திரம் தருபவர் சொல்லும் நேரம் வரை அதைக் கழிவுக்கே விட வேண்டும். அதன் பிறகு குடம் வைக்கும் குழாயிலிருந்தே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அறிக்கை நல்லபடியாக வந்த பின்புதான் குழாயை ஊருக்குத் திறக்க வேண்டும். அறிக்கையின் நகலைச் சுவரில் ஒட்டி, அதன் அருகே ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, மூல நீர், நல்ல தண்ணீர், கழிவு மூன்றின் டி.டி.எஸ். அளவையும் அழுத்தத்தையும் அன்று முதலே தேதி போட்டு எழுதத் தொடங்கச் சொல்லுங்கள்.